மழைக்காலத்துல சர்ஃபிங் போலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

வெப்பமண்டலத்துல ஒரு கடற்கரை ஊருக்கு மழை சீசன்ல சர்ஃப் பண்ணப் போறவங்க கேக்குறதெல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வரும், மழை வருமா வராதான்னு. என்னைக் கேட்டா அது ரெண்டாம்பட்சம். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, பக்கத்துல ஆறு இருக்கா, இந்த ரெண்டையும் முதல்ல கேளுங்க. ஏன்னு கீழ ஒவ்வொன்னா பாக்கலாம்.

மழை பெஞ்சா அலை கெட்டுப்போயிடுமா?

கெடாது. அலையைக் கெடுக்கிறது காத்து. கடல்ல இருந்து கரையைப் பாத்து அடிக்கிற ஆன்ஷோர் காத்து அலையோட முகத்தைக் குலைச்சு, எங்க உடையுதுன்னே தெரியாத மாதிரி பண்ணிடும். கரையில இருந்து கடலைப் பாத்து அடிக்கிற ஆஃப்ஷோர் காத்துன்னா அலை நிமிந்து நின்னு சுத்தமா, கொஞ்சம் லேட்டா உடையும், எழுந்து நிக்க நேரம் கிடைக்கும். மழைத்தண்ணி இந்தக் கணக்குலயே வராது. சொல்லப்போனா காத்தே இல்லாம நேரா கொட்டுற மழை, தண்ணி மேல இருக்குற சின்னச் சின்ன சலசலப்பை அமுக்கி மேல்பரப்பை வழவழன்னு ஆக்கிடும், அப்படிக் கொட்டும்போது கிடைக்கிற அலை சில நேரம் அந்த வாரத்துலயே நல்ல அலையா இருக்கும், ஆனா பாதி பேர் அப்பதான் போர்டைத் தூக்கிட்டு ரூமுக்கு ஓடுவாங்க.

சிக்கல் என்னன்னா மழை பெரும்பாலும் தனியா வராது. இடிமேகம் தலைக்கு மேல வர்றதுக்கு முன்னாடி திடீர்னு ஜில்லுனு ஒரு காத்து வீசும் பாருங்க, மேகத்துல இருந்து கீழ இறங்குற குளிர்ந்த காத்து அது, எந்தப் பக்கம் வேணா அடிக்கும், பத்தே நிமிஷத்துல கடலைக் குழப்பிவிட்டுடும். மேகம் தாண்டிப் போனதும் பெரும்பாலும் திரும்ப அடங்கிடும்.

அப்போ அலை எங்கிருந்துதான் வருது? மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையா?

ரொம்ப தூரத்துல இருந்து வருது. தெற்குப் பெருங்கடல்ல, 40 டிகிரி தெற்குக்கும் கீழ, பூமியைச் சுத்தி நிலமே பெருசா குறுக்க வராத இடத்துல அடிக்கிற புயல்காத்துதான் வெப்பமண்டலத்துல தெற்கு பாத்த கரைகளுக்கெல்லாம் அலை அனுப்புது. 1963ல வால்டர் மங்க்ங்கிற கடலியல் விஞ்ஞானி இதையே ஒரு சோதனையா பண்ணாரு, நியூசிலாந்துல இருந்து சமோவா, பால்மைரா, ஹவாய் வழியா அலாஸ்கா வரைக்கும் வரிசையா கருவிங்களை வச்சு, அன்டார்டிகா பக்கம் பொறந்த ஸ்வெல், அதாவது தூரத்துப் புயல் கிளப்பிவிட்டு கடல்ல உருண்டு வர்ற அலைவரிசை, பசிபிக்கைத் தாண்டி வடக்க போய்ச் சேர்றதை அளந்து காமிச்சாரு. புயல் பக்கத்தை விட்டு வெளிய வந்த பிறகு அந்த நீள ஸ்வெல் வழியில ரொம்பக் கொஞ்சமா சக்தியை இழக்குதுங்கிறதுதான் அதுல பெரிய விஷயம். 16 செகண்ட் பீரியட் (ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆகுற நேரம்) இருக்குற ஸ்வெல் ஆழ்கடல்ல மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்துல நகரும், நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். நீங்க இன்னைக்கு காலையில எழுந்து ஏறுற அலை போன வாரமோ அதுக்கு முன்னாடியோ பொறந்ததா இருக்கலாம்.

மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, ஆனா சுத்துவழியில. ஜூன், ஜூலையில சூரியன் வடக்க இருக்கு, அதனால பூமத்திய ரேகைப் பக்கத்து மழைமேகப் பட்டையும் வடக்க ஏறிடும், வடக்க இருக்குற வெப்பமண்டல ஊருங்களுக்கு மழை. அதே நேரம் தெற்குல குளிர்காலம், அங்க புயல் உச்சத்துல. ஆக பூமத்திய ரேகைக்கு வடக்க இருந்து தெற்கு பாத்த கடற்கரையா இருந்தா மழை சீசனும் பெரிய அலை சீசனும் பல இடத்துல ஒன்னாவே வந்து சேரும். ரேகைக்குத் தெற்க இது தலைகீழ், அங்க வறண்ட மாசத்துலதான் பெரிய அலை. மழை சீசன்னா ஆஃப் சீசன்னு பொதுவா சொல்றது ஹோட்டல்காரங்க கணக்கு, கடலோட கணக்கு இல்ல.

எந்த ஊருக்கு எந்த மாசம் போறது?

கோஸ்டா ரிகாவோட பசிபிக் பக்கம் மே மாசத்துல இருந்து நவம்பர் வரைக்கும் மழை, செப்டம்பர், அக்டோபர் ரெண்டும் கொட்டித் தீக்குற மாசம். ஆனா தெற்கு ஸ்வெல் வர்றதும் அந்த நேரத்துலதான், பாவோனெஸ்ல இருக்குற புகழ்பெற்ற நீள இடதுகை அலை (ஏறுறவருக்கு இடது பக்கமா உடைஞ்சு ஓடுறது) உயிரோட இருக்குறதே இந்த மாசங்கள்லதான். அதே நாட்டோட கரீபியன் பக்கம் வேற உலகம், செப்டம்பர் அக்டோபர்ல அங்க மழை குறைவு, கடலும் தூங்கும், சல்ஸா பிராவா ரீஃப் (தண்ணிக்கடியில இருக்குற பவளப்பாறை) முழிக்கிறது டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்.

பாலியில நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மழை. அந்த மாசங்கள்ல காத்து மேற்குல, வடமேற்குல இருந்து அடிக்கும், அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச உலுவாட்டு, குட்டா பக்கமெல்லாம் ஆன்ஷோர் ஆகிடும். நிறைய பேர் இதைப் பாத்துட்டு பாலி மழையில வேஸ்ட்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. தீவோட கிழக்குப் பக்கம் போனா சனூர், நுசா துவா, கெராமாஸ் எல்லாம் அதே காத்துல ஆஃப்ஷோர். ஸ்வெல் கொஞ்சம் சின்னதா இருக்கும், அவ்வளவுதான்.

இலங்கையில ஒரு தீவுக்குள்ளயே ரெண்டு சீசன். மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து வெலிகம, ஹிக்கடுவ பக்கம் கடலைக் கலக்கும், அப்போ அந்தக் காத்து தீவைத் தாண்டி வந்து அறுகம் குடாவுல ஆஃப்ஷோரா அடிக்கும், மழையும் அங்க கிடையாது. நவம்பர் வாக்குல எல்லாம் இடம் மாறிக்கும், ஏப்ரல் வரைக்கும் தெற்கு மேற்குக் கரைதான். அதாவது இங்க ஒருத்தர் மழை சீசன்ல மாட்டிக்கிட்டார்னா அவர் தப்பான கரையில ரூம் போட்டிருக்கார்னு அர்த்தம்.

மாலத்தீவுல தென்மேற்குப் பருவம், மே முதல் அக்டோபர், மழையும் அலையும் சேந்தே வரும், வடக்கு மாலே பவளத்தீவோட கிழக்கு ஓரத்து ரீஃபுங்களுக்கு மேற்குக் காத்துதான் ஆஃப்ஷோர். ஹவாயில கதை வேற, அங்க நார்த் ஷோருக்கு அலை அனுப்புறது வட பசிபிக் புயல், நவம்பர் முதல் பிப்ரவரி, ஊருக்கு மழைக்காலமும் அதுதான்.

இதுல இருந்து ஒன்னு கத்துக்கலாம், ஊர் பேரை மட்டும் வச்சு மாசத்தை முடிவு பண்ணாதீங்க, மேப்பை எடுத்து கரை எந்தப் பக்கம் பாத்திருக்கு, அந்த மாசத்துல காத்து எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ரெண்டும் எதிர் எதிரா இருந்தா போய்ட்டு வாங்க.

ஒரு நாள்ல எந்த நேரத்துல இறங்கணும்?

விடியக்காலை. ராத்திரி நிலம் கடலைவிட சீக்கிரம் குளிரும், அதனால காத்து நிலத்துல இருந்து கடலுக்குப் போகும், ஓசியில கிடைக்கிற ஆஃப்ஷோர். காலை ஒன்பது பத்து மணிக்கு மேல நிலம் சூடாகி காத்து திரும்பிடும். மதியம் அந்த ஈரக்காத்து நிலத்து மேல ஏறி மலைப்பக்கம் மேகமா குவிஞ்சு ரெண்டு மூணு மணிக்கு மேல இடியோட கொட்டும். இது மழை சீசனோட சாதாரண நாள். இதுல ஒரு நன்மை இருக்கு, மேகம் சீக்கிரம் கூடிட்டா வெயில் மறைஞ்சு நிலம் அவ்வளவா சூடாகாது, கடல்காத்து வலுக்கிறதுக்குள்ளயே அடங்கிடும், அதனால சில நாள் சாயங்காலம் மழைக்கு அப்புறம் ரெண்டாவது தடவை இறங்க நல்ல கடல் கிடைக்கும், வறண்ட சீசன்ல சாயங்காலம் முழுக்க காத்தா இருக்குற அதே பீச்சுல.

இந்தக் கணக்கு எடுபடாத இடமும் உண்டு. பருவக்காத்து பலமா அடிக்கிற கரையில ராத்திரி பகல்னு வித்தியாசமே இருக்காது, விடியக்காலை எழுந்தும் புண்ணியமில்ல. சின்னத் தீவுகள்ல நிலம் கொஞ்சம்தான், அங்கயும் காலைக்காத்து நம்புற மாதிரி இருக்காது. பெரிய தாழ்வுநிலை வந்து மூணு நாலு நாள் விடாம பெஞ்சா எல்லா டைம்டேபிளும் காலி.

ஆப்ல தினமும் மழை 90 சதவீதம்னு காட்டுது, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணட்டுமா?

வேண்டாம். வெப்பமண்டல மழை சீசன்ல எந்த ஊரைப் போட்டாலும் அந்த ஐகான்தான் வரும், சாயங்காலம் நாற்பது நிமிஷம் பெஞ்சாலும் அதுக்கு மழை நாள்தான். நீங்க பாக்க வேண்டியது வேற நாலு: ஸ்வெல் உயரம், பீரியட், திசை, காத்து. இதுல புதுசா வர்றவங்க உயரத்தை மட்டும் பாப்பாங்க, பீரியடை விட்டுடுவாங்க. ஒரு மீட்டர் ஸ்வெல் 7 செகண்ட்னா பக்கத்துல அடிக்கிற காத்து கிளப்புன குட்டை அலை, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் ஆழ்கடல்ல எழுபது எண்பது மீட்டர்தான் இடைவெளி, கரைக்கு வந்தா கொசகொசன்னு உடையும். அதே ஒரு மீட்டர் 16 செகண்ட்னா இடைவெளி 400 மீட்டர், 200 மீட்டர் ஆழத்துலயே அடித்தரையை உணர ஆரம்பிச்சிடும், கரைக்கு வரும்போது நிமிந்து எழும்பி ஆப்ல போட்டதைவிட நல்லா பெருசா நிக்கும். நம்பர் ஒன்னுதான், கடல் வேற.

ஆப்ல தப்பு வர்றது எங்கன்னா மதியத்து இடிமழை எங்க எப்ப விழும்ங்கிறதுல. தூரத்து ஸ்வெல்லை வானிலை கம்ப்யூட்டர் மாடலுங்க நாலஞ்சு நாள் முன்னாடியே ஓரளவு சரியா சொல்லிடும், ஆனா அஞ்சு கிலோமீட்டர் அகலத்துல ஒரு மேகம் எங்க வெடிக்கும்னு சொல்ல முடியாது, அதுக்கு வானத்தைப் பாக்குறதுதான் வழி.

கடல் செம்மண் கலர்ல இருக்கு, இறங்கலாமா?

இங்கதான் மழை நிஜமாவே தொல்லை பண்ணும். பெரிய மழை பெஞ்சதும் ஊர்ல இருக்குற சாக்கடை, செப்டிக் டேங்க், மாட்டுக்கொட்டகை, வயல் மருந்து எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு ஆறு கடலுக்கு வரும். நல்ல தண்ணி உப்புத்தண்ணியைவிட எடை கம்மி, அதனால உடனே கலக்காம மேல ஒரு படலமா பரவி நிக்கும், நம்ம மூக்கும் வாயும் இருக்குற இடமும் அதே மேல்படலம்தான். கலிபோர்னியாவுல சுகாதாரத்துறைங்க மழைக்குப் பிறகு 72 மணி நேரம் கடல்ல இறங்காதீங்கன்னு சொல்றாங்க, ஹவாயில பழுப்புத் தண்ணி எச்சரிக்கைன்னு தனியாவே அறிவிப்பு போடுவாங்க. ஆனா தினமும் மழை பெய்யுற ஊர்ல மூணு நாள் காத்திருன்னா சீசன் முடியுற வரைக்கும் காத்திருக்கணும், அதனால நடைமுறைக்கு நான் சொல்றது இது: முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போங்க, ஒன்னு ரெண்டு கிலோமீட்டர் தள்ளினாலே சில சமயம் தண்ணி தெளிஞ்சிருக்கும், கடல்ல பழுப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும், அந்தக் கோட்டுக்கு நீலப் பக்கமா இருங்க. சீசனோட முதல் பெரிய மழைக்கு அடுத்த நாள் மட்டும் எங்கயும் இறங்காதீங்க, மாசக்கணக்கா சேந்த அழுக்கு மொத்தமும் அன்னைக்குத்தான் வரும். நாத்தம் அடிச்சாலோ, செத்த மீன் மிதந்தாலோ யோசிக்கவே வேண்டாம்.

உடம்புல வெட்டுக்காயம் இருந்தா கண்டிப்பா வேண்டாம். வெள்ளத் தண்ணியில எலி, மாட்டு மூத்திரம் கலந்து வர்ற லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், காயம் வழியா, கண் வாய் வழியா உள்ள போகும். 2000ல மலேசியாவோட சபாவுல நடந்த எகோ சேலஞ்ச் சாகசப் போட்டியில வீரர்கள் பல பேருக்கு இது வந்துச்சு, செகாமா ஆத்துல நீந்துனதுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. காய்ச்சல் பொதுவா ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சுதான் வரும், அதுக்குள்ள நீங்க வீட்டுக்கே போயிருப்பீங்க, அதனால காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்புன்னு டாக்டர்கிட்ட போனா வெள்ளத் தண்ணி கலந்த கடல்ல இருந்தேன்னு நீங்களா சொல்லணும், அவரா கேக்க மாட்டாரு. சீக்கிரம் ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சா பெரும்பாலும் சரியாகிடும்.

இதோட குப்பை. குட்டா பீச்சுல மழை மாசங்கள்ல பிளாஸ்டிக் மலையா ஒதுங்குறதை நியூஸ்ல பாத்திருப்பீங்க. பிளாஸ்டிக்கைவிட எனக்கு பயம் மரக்கட்டைங்க, பாதி முழுகி மிதக்கும், அலைக்குள்ள உருண்டு வரும்போது கண்ணுக்கே தெரியாது.

ஆத்து முகத்துவாரத்துலதான் மழை சீசன்ல நல்ல அலைன்னு சொல்றாங்களே?

உண்மைதான், அதுதான் வேடிக்கை. ஆறு கொண்டு வர்ற மணல் முகத்துவாரத்துல திட்டா படியும், அந்தத் திட்டுல அலை அழகா வரிசையா உரிஞ்சுட்டு ஓடும். சீசன் தொடக்கத்துல வெள்ளம் பழைய திட்டைச் சிதறடிச்சிடும், அப்புறம் புது மணல் வந்து திட்டு எழும்பும், அதனால ஒரே பீச் ஒரு மாசம் சுமாராவும் அடுத்த மாசம் பிரமாதமாவும் இருக்கும். பாவோனெஸ் அலையும் ஆத்து வாய்ல இருந்துதான் தொடங்குது. அலையைக் கொடுக்கிறதும் தண்ணியைக் கெடுக்கிறதும் ஒரே ஆறு, ரெண்டுல எது உங்களுக்குப் பெருசுன்னு நீங்கதான் பாத்துக்கணும்.

ஒரு எச்சரிக்கை, கடல் தண்ணி வத்துற நேரத்துல ஆத்து வெள்ளமும் சேந்துக்கிட்டா முகத்துவாரத்துல இழுப்பு பயங்கரமா இருக்கும், கையால துழாவி ஜெயிக்க முடியாது. ஏத்தம் வர்ற நேரமா பாத்து இறங்குங்க.

கலங்கல் தண்ணியில சுறா, முதலை பயம் இருக்கா?

பெரும்பாலான ஊர்ல இது பெரிய விஷயமே இல்ல. ஆனா காளைச் சுறான்னு ஒரு இனம் இருக்கு, நல்ல தண்ணியையும் தாங்கும், ஆத்துக்குள்ளயே போயிட்டு வரும், கலங்கல்ல வேட்டையாடப் பிடிக்கும். இந்தியப் பெருங்கடல்ல இருக்குற ரீயூனியன் தீவுல 2011ல இருந்து தொடர்ச்சியா தாக்குதல் நடந்து 2013ல பாதுகாப்பு உள்ள இடங்களைத் தவிர மத்த இடத்துல சர்ஃபிங்கையே தடை பண்ணாங்க. அதனால காளைச் சுறா இருக்குற கரைன்னு ஊர்க்காரங்க சொன்னா, மழைக்குப் பிறகு முகத்துவாரம், கலங்கல், மசங்குற நேரம் இது மூணும் சேர்ற இடத்துல இருக்காதீங்க.

முதலைக்கு இடம் ஆறுதான், அலை உடையுற இடம் இல்ல. கோஸ்டா ரிகாவுல டாமரிண்டோவுக்கும் பிளாயா கிராண்டேவுக்கும் நடுவுல ஒரு முகத்துவாரம் இருக்கு, அந்தப் பக்கம் அலை நல்லா இருக்குன்னு போர்டுல படுத்துக் கடக்கத் தோணும், தண்ணியில முதலை இருக்கு, படகுல போங்க.

இடி இடிச்சா தண்ணிக்குள்ளயே இருக்கலாமா?

கூடாது, இதுல பேச்சே இல்ல. தட்டையான கடல் மேல உயரமா இருக்குறது உங்க தலை மட்டும்தான். மின்னல் வெட்டுனதுல இருந்து சத்தம் வர்ற வரைக்கும் எண்ணுங்க, மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டா மேகம் பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், அங்கிருந்தே மின்னல் உங்க பக்கம் விழ முடியும், வெளிய வாங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சு இறங்குங்க. எண்றதெல்லாம் குழப்பமா இருந்தா இடி காதுல விழுந்தா வெளிய, அது போதும். வெளிய வந்து தென்னை மரத்தடியிலயும் கீத்துக் கொட்டகையிலயும் நிக்காதீங்க, சுவர் வச்ச கட்டடம் இல்லன்னா கண்ணாடி ஏத்துன கார். அலை சூப்பரா இருக்கு இன்னும் ஒன்னே ஒன்னுன்னு நிக்கிற ஆளுங்களைப் பாத்திருக்கேன், அவங்களைப் பாத்து நீங்களும் நிக்காதீங்க.

நான் புதுசு, இப்பதான் கத்துக்கப் போறேன். மழை சீசன் சரிவருமா?

எந்த ஊர்ங்கிறதைப் பொறுத்தது. மழையும் பெரிய ஸ்வெல்லும் ஒன்னா வர்ற ஊரா இருந்தா, சீசனோட ரெண்டு முனையில, மழை ஆரம்பிக்கிறப்பவோ முடியுறப்பவோ போங்க, நடுவுல போனா திறந்த பீச்ல உங்க தலைக்கு மேல உடையும். நடுவுலதான் லீவு கிடைச்சுதுன்னா வளைகுடா மாதிரி ஒதுங்குன பீச்சுகளைத் தேடுங்க, வெளிய பெரிய அலையா இருந்தாலும் உள்ள இடுப்பளவுதான் வரும். மழை மாசத்துல ஸ்வெல் சின்னதாகுற ஊரா இருந்தா, பாலியோட கிழக்குப் பக்கம் மாதிரி, அளவு உங்களுக்கு ஒத்து வரலாம், ஆனா அங்க பாதி இடம் ரீஃப், அதனால மணல் தரை இருக்குற இடம் எதுன்னு கேட்டுட்டு அங்க மட்டும் போங்க.

ரிப் கரண்ட், அதாவது கரையில இருந்து கடலுக்குள்ள இழுத்துட்டுப் போற நீரோட்டம், அதைப் பத்தி ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல. சாதாரண நாள்ல ரிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், அலை உடையாம கருப்பா தெரியுற சந்து, மணல் கலங்கி வெளிய போற பட்டை, கலரை வச்சுதான். கடல் மொத்தமும் பழுப்பா இருக்கும்போது அந்த அடையாளம் எல்லாம் போயிடும். அதனால நிறத்தைப் பாக்காம நுரை எந்தப் பக்கம் நகருது, மிதக்கிற இலை குப்பை எங்க வெளிய போகுதுன்னு கரையில பதினஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. மாட்டிக்கிட்டா போர்டை விடாதீங்க, எதிர்த்து துழாவாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல போய், இழுப்பு விட்டதும் உடையுற அலையோட திரும்புங்க.

குளிருமா, வெட்சூட் (குளிர் தாங்குற ரப்பர் உடுப்பு) வேணுமா?

வேண்டாம். தண்ணி பெரும்பாலும் 27, 28 டிகிரி இருக்கும். கோஸ்டா ரிகாவோட வடமேற்கு, குவானகாஸ்டே பக்கம் மழை சீசன்லதான் தண்ணி சூடு, வறண்ட மாசத்துல பப்பகாயோ காத்து மேல்தண்ணியைத் தள்ளிட்டு அடியில இருக்குற குளிர்ந்த தண்ணியை மேல கொண்டு வரும், அப்பதான் வெடவெடக்கும். மழையில ரெண்டு மணி நேரம் லைன்அப்ல, அதாவது அலைக்காகக் காத்திருக்குற இடத்துல, உக்காந்தா காத்து பட்டு மேல் உடம்பு கொஞ்சம் குளிரும், முழுக்கை ராஷ்கார்டு (தண்ணியில போடுற மெல்லிசான டைட் சட்டை) போதும். அது மேகத்தைத் தாண்டி வர்ற யூவி வெயிலுக்கும் ஆகும், மேகமூட்டமா இருக்கேன்னு சன்ஸ்கிரீன் போடாம போனவங்கதான் அதிகமா வெந்து வருவாங்க.

காது அடைச்சு வலிக்குது, இது சர்ஃபர்ஸ் இயரா?

அது இல்ல. சர்ஃபர்ஸ் இயர்ங்கிறது குளிர்ந்த தண்ணியும் காத்தும் பல வருஷம் பட்டு காதுக்குள்ள எலும்பு வளர்றது. மழை சீசன்ல ஒரு வாரத்துல வர்றது காதுக்குழாய்ல தொற்று, அழுக்குத் தண்ணி உள்ள நின்னு ஈரம் காயாம இருக்குறதால. வெளிய வந்ததும் தலையைச் சாச்சு தண்ணியை வடிய விடுங்க, பட்ஸ் போட்டுக் குடையாதீங்க, சர்ஃபிங்குக்குன்னு இருக்குற இயர் பிளக் வாங்கிக்கோங்க. காது மடலை இழுத்தா வலிச்சா டாக்டரைப் பாருங்க, சரியாகுற வரைக்கும் தண்ணிக்குள்ள போகாதீங்க.

புயல் சீசனும் இதுதானே? புயல் வந்தா நல்ல அலை வருமா?

தூரத்துல போற புயல் நல்ல ஸ்வெல் அனுப்பும். பூமத்திய ரேகைக்கு அஞ்சு டிகிரிக்குள்ள புயல் உருவாகுறது ரொம்ப அபூர்வம், பூமி சுத்துறதால கிடைக்கிற திருகல் அங்க பத்தாது, அதனால ரேகையை ஒட்டின ஊருங்களுக்கு அலை மட்டும் வரும், புயல் வராது. தள்ளி இருக்குற ஊருங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. பார்படோஸ்ல சூப் பௌல்னு ஒரு அலை, ஜூன் முதல் நவம்பர் வரைக்கும் அட்லாண்டிக் ஹரிகேன் சீசன்ல ஹரிகேனுங்க தள்ளிப் போகும்போது அங்க ஸ்வெல் வரும், பக்கத்துலயே வந்துட்டா எல்லாரும் ஜன்னலுக்குப் பலகை அடிக்கணும். புயல் ஸ்வெல்லோட குணம் அது சட்டுனு வரும், திசை மாறிட்டே இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும். புயல் உங்க ஊர் பக்கம் திரும்புதுன்னு வானிலைத்துறை சொல்லிட்டாங்கன்னா அலையைப் பத்தின பேச்சை நிறுத்திட்டு கிளம்புற வழியைப் பாருங்க, ஆறு பொங்கி பாலம் முழுகுறது புயலுக்கு முன்னாடியே நடக்கும்.

எல் நினோ வருஷம்னா என்ன வித்தியாசம்?

எல் நினோன்னா பசிபிக்கோட நடு, கிழக்குப் பக்கம் தண்ணி வழக்கத்தைவிட சூடாகுறது, லா நினா அதுக்கு நேரெதிர். மத்திய அமெரிக்காவோட பசிபிக் பக்கமும் இந்தோனேசியாவும் எல் நினோ வருஷத்துல வழக்கத்தைவிட வறண்டு போகும், லா நினாவுல மழை அதிகம். வட பசிபிக்ல எல் நினோ குளிர்காலத்துல புயல் வலுக்கும், 2015, 16 எல் நினோ பலமா இருந்தப்போ வருஷக்கணக்கா நடக்காம இருந்த எடி ஐகாவ் சர்ஃப் போட்டி 2016 பிப்ரவரியில ஹவாயோட வைமியா பேல நடந்துச்சு, அலை போதுமான அளவு பெருசா வந்தா மட்டுமே நடத்துற போட்டி அது.

கூட்டம் குறைவா இருக்குமா?

இருக்கும். ஆனா நல்ல ஸ்வெல் வர்ற நாள்ல பேர்போன இடத்துல குறையாது, ஆப் எல்லார் கையிலயும் இருக்கு. சுமாரான நாள்ல, ரெண்டாம் தர பீச்சுல, மழை தூறும்போது தனியா நிறைய அலை கிடைக்கும்.

போர்டையும் மத்த சாமானையும் எப்படிப் பாத்துக்கிறது?

சூடான தண்ணிக்கான டிராபிகல் வாக்ஸ் (கால் வழுக்காம போர்டு மேல தேய்க்கிற மெழுகு) கொண்டு போங்க, குளிர்ந்த தண்ணி வாக்ஸ் உருகி வழிஞ்சிடும். மழை சீசன்ல எதுவுமே காயாது, அதனால ஈர போர்டை பைக்குள்ள போட்டு ஜிப் போட்டீங்கன்னா ரெண்டே நாள்ல பூஞ்சை, ஃபேன் காத்துல நிக்க வச்சுட்டு தூங்குங்க. ராஷ்கார்டு ரெண்டு வேணும், ஒன்னு காயும்போது ஒன்னு போட. காலையும் போர்டையும் இணைக்கிற கயிறான லீஷை ஒவ்வொரு தடவையும் இறங்குறதுக்கு முன்னாடி இழுத்துப் பாருங்க, கட்டை மோதி வெட்டு விழுந்திருக்கும்.

போர்டு டிங் ஆனா, அதாவது அடிபட்டு ஓட்டை விழுந்தா, அன்னைக்கே தண்ணியை விட்டு வெளிய எடுங்க, ஃபோம்குள்ள போன தண்ணி இந்த ஈரத்துல வெளிய வரவே வராது. ஓட்டை கீழ இருக்குற மாதிரி வச்சு வடிய விட்டு, நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, நல்லா காஞ்ச பிறகு ரெசின் பூசுங்க. சூரிய ஒளியில இறுகுற யூவி ரெசின் மேகமூட்டத்துலயும் இறுகும், நேரம்தான் அதிகம் எடுக்கும். நடுவுல ஒரு அவசரத்துக்கு டேப் ஒட்டிட்டு இறங்கலாம், ஆனா ஈரத்து மேல ஒட்டாதீங்க, முதல் அலையிலயே பிச்சுக்கும்.